முதலில் கைரேகை

“செத்துப் போனவங்ககிட்ட, நீ செத்துட்டேன்னு யாரும்மா போய்ச் சொல்வாங்க?”

மகள் இதைக் கேட்டபோது அவளுக்குப் பால்பற்கள்கூட விழத் தொடங்கவில்லை. தலை பின்னிக்கொண்டிருந்த அம்மா, “அதெல்லாம் ஆபீஸ்ல எழுதிடுவாங்க, நீ ஆடாம நில்லு” என்று சொல்லி வைத்தாள். குழந்தை விடவில்லை. “எழுதலைன்னா?” என்றது. அதற்குள் பின்னி முடித்தாகிவிட்டது. பேச்சும் அத்தோடு போயிற்று.

இப்போது அந்த ஆபீசில்தான் அம்மா உட்கார்ந்திருந்தாள். நகராட்சிக் கட்டடத்தின் கீழ்த்தளத்தில், இறப்புப் பதிவேடுகள் அடுக்கிய நீண்ட அறை. வெளியே மழை பெய்துகொண்டிருந்தது. கூரையை ஒட்டிய சின்ன ஜன்னல்களில் தெருவில் போகிறவர்களின் கால்கள் மட்டும் தெரிந்தன. ஈரச் சுவரும் பழைய தாளும் பூச்சி மருந்தும் கலந்த வாசனைக்கு நடுவே இன்னொரு வாசனையும் அவ்வப்போது வந்து போயிற்று. அப்போதுதான் திறந்த மைப்பெட்டியின் வாசனை. அறையில் எந்த மைப்பெட்டியும் திறந்திருக்கவில்லை. வந்தவுடனேயே அதைக் கவனித்து வைத்திருந்தாள்.

கவனிப்பது அவள் தொழில். கண்ணாடிக் கடையில் கண் பரிசோதிப்பவள். தெருவுக்கே அவள் கண்ணாடிக்காரிதான். எழுத்துப் பலகையை மனப்பாடம் பண்ணிக்கொண்டு வந்து பார்வை பிரமாதம் என்று சாதிக்கும் டிரைவர்களை எத்தனையோ வருஷமாகப் பார்த்ததில், யாரையும் முதல் பேச்சிலேயே நம்புவதில்லை என்ற குணம் அவளிடம் படிந்துவிட்டிருந்தது. இப்போது அவள் நம்பாத ஆள் சித்தப்பா.

மகள் ஆஸ்பத்திரியில் இருந்தாள். ஓடும்போதும் வாய்விட்டுச் சிரிக்கும்போதும் திடீரென்று மயங்கி விழுந்தாள். கடைசியாக விழுந்தபோது எழுப்புவதற்குள் வீடே நடுங்கிப் போயிற்று. “குடும்பத்துல சின்ன வயசுல யாராவது திடீர்னு இறந்திருக்காங்களா?” என்று டாக்டர் கேட்டார். “எப்படின்னு தெரிஞ்சா உடனே சொல்லுங்க. மாத்திரை போதுமா, நெஞ்சுல கருவி வைக்கணுமான்னு முடிவு பண்ண அது உதவும்.”

அப்பாவுக்கு ஒரு தங்கை இருந்தாள், சிறுமியாகவே போய்விட்டாள் என்பது மட்டும்தான் அவளுக்குத் தெரியும். அப்பா உயிரோடு இருந்தவரை அந்தப் பேச்சை எடுத்தால் எழுந்து போய்விடுவார். இப்போது மிஞ்சியிருப்பவர் சித்தப்பா ஒருவர்தான். “செத்துட்டா, அவ்வளவுதான். பழசை ஏம்மா கிளறுற?” என்று அவரும் போனை வைத்துவிட்டார். ஒரு சிறுமி எப்படிச் செத்தாள் என்று சொல்ல ஒரு குடும்பமே பயந்தால், அதற்கு என்ன அர்த்தம்? யார் கை பட்டுச் செத்தாள்? ராத்திரி முழுக்க அவள் அதையே நினைத்துக்கொண்டிருந்தாள்.

பதிவேடுகளைத் தூக்கி வந்து போட்ட ஊழியை வாயாடி. “உங்க அத்தையைக் காணோம்மா. முன்னும் பின்னும் பார்த்தாச்சு. பதிவே பண்ணல. ஆபீஸ் கணக்குப்படி அவங்க இன்னும் உயிரோட இருக்காங்க, வீட்டுக்கு வந்தா ஒரு காபி குடுங்க” என்று சிரித்தாள்.

கண்ணாடிக்காரி சிரிக்கவில்லை. “எங்க வீட்டு மத்தவங்க பதிவைப் பார்க்கலாமா? அதுல ஏதாவது நோய் எழுதியிருப்பாங்க.”

தாத்தா. பாட்டி. பெரியப்பா. அப்பா. நாலு பேருடைய பக்கங்களையும் விரித்து வைத்துக்கொண்டு படித்தாள். கிழவர்களின் சாவு, முதுமை, நிமோனியா, பக்கவாதம். உதவுவதாக ஒன்றுமில்லை. ஆனால் தகவல் தந்தவர் என்ற கட்டத்தில் அவள் கண் நின்றது. நாலிலும் தகவல் தந்தவர் சித்தப்பா என்றுதான் எழுதியிருந்தது. பக்கத்தில் இருந்த கைரேகை மட்டும் பெரியவர் ஒருவருடையது போல இல்லை. ரொம்பச் சின்னது.

“படிச்சவங்ககிட்டயும் ரேகைதானா?”

“எல்லார்கிட்டயும்தான். இங்க முதல்ல கைரேகை, அப்புறம்தான் எழுத்து. அழுதுக்கிட்டே வருவாங்க, பாதியில எழுந்து போயிடுவாங்க. காலி வரியில ரேகை மட்டும் இருந்தா போதும், மீதியை எழுத ஆள் திரும்பி வந்துதானே ஆகணும்?” ஊழியை குடையை எடுத்தாள். “நான் டீ குடிச்சிட்டு வந்துடறேன். வெளிய பூட்டிட்டுத்தான் போகணும், ரூல். பயப்படாதீங்க, இங்க இருக்கற யாரும் எழுந்து வரமாட்டாங்க.”

கம்பிக் கதவு இழுபடும் சத்தம். பூட்டு. செருப்புச் சத்தம் படியேறித் தேய்ந்து, கடைசியில் மழைச் சத்தத்தோடு கலந்து போயிற்று.

கைப்பையிலிருந்து கடை லென்ஸை எடுத்தாள். சித்தப்பா யாரோ ஒரு குழந்தையை அழைத்து வந்து ரேகை வைக்கச் சொல்லியிருக்கிறார் என்றே அப்போதும் நினைத்தாள். எதை மறைக்க? லென்ஸைத் தாத்தாவின் வரிமேல் பிடித்தாள். மெல்லிய சுழிகள், அவற்றின் குறுக்கே சாய்வாக ஒரு வெட்டுத் தழும்பு. பாட்டியின் வரியிலும் அதே தழும்பு. பெரியப்பாவின் வரியில். அப்பாவின் வரியில். தாத்தா போனபோது அவள் பிறக்கவே இல்லை. அப்பா போனது போன மழைக்காலம். நாலு ரேகையையும் நகம் வைத்து அளந்து பார்த்தாள்.

அந்த விரல் வளரவே இல்லை.

மைவாசனை மறுபடி வந்தது. இந்தத் தடவை போகவில்லை.

போனில் சிக்னல் இல்லை. கவுண்டர் பக்கம் போனால் வரும் என்று ஊழியை சொல்லியிருந்தாள். அலமாரிகளுக்கு நடுவே நடந்தபோது அவளுக்குப் பின்னால் நடைச் சத்தம் எதுவும் கேட்கவில்லை. ஆனாலும், ஓடி விளையாடும் குழந்தையைப் பார்க்காதது போலப் பாவனை பண்ணும் பெரியவளாகத் தான் ஆகிவிட்டோம் என்ற ஒரு கூச்சம் அவள் முதுகில் ஊர்ந்தது. பதிவு செய்ய வருகிறவர்கள் வெளியே வந்து நிற்கும் ஜன்னலுக்கு உள்பக்கம், கவுண்டரில் நின்று சித்தப்பாவை அழைத்தாள்.

“சித்தப்பா, ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். அத்தைக்குக் கட்டைவிரல்ல தழும்பு இருந்துச்சா?”

அந்தப் பக்கம் ஓடிக்கொண்டிருந்த டிவியை அவர் அணைத்தார்.

“கதவிடுக்குல நசுக்கிக்கிட்டா” என்றார். “நீ இப்ப எங்கம்மா இருக்க?”

“பதிவறையில. நாலு பேருக்கும் நீங்கதான் தகவல் குடுத்ததா எழுதியிருக்கு. ஆனா ரேகை உங்களோடது இல்ல.”

“நான் போறதுக்குள்ள ரேகை வச்சாச்சும்மா. ஒவ்வொரு தடவையும். ‘இப்பதானே வச்சீங்க, பேரை மட்டும் சொல்லுங்க’ம்பாங்க. உங்கப்பா சாவுக்கு மூச்சு நின்னதும் ஓடினேன். அப்பவும் காஞ்சு போயிருந்துச்சு. அவ முன்னாடியே வந்துடறா.” அவர் குரல் குழைந்தது. “உன்கிட்ட எதைன்னு சொல்ல? அவ செத்தப்ப எங்கப்பா பதிவு பண்ணத்தான் அங்க வந்தார். கியூவுல நின்னார். ஜன்னல்ல வந்து நின்னதும், எம்பொண்ணு செத்துட்டான்னு வாயால சொல்ல வரல. திரும்பிட்டார். வீட்டுக்குள்ள நுழைஞ்சவர் கதவை உடனே சாத்தலம்மா. பின்னாடி யாரோ வர்ற மாதிரி கொஞ்ச நேரம் பிடிச்சுக்கிட்டு நின்னார்.”

“எப்படிச் செத்தாங்க? அதைச் சொல்லுங்க. குட்டிக்கு அதுதான் வேணும்.”

“யாரும் ஒண்ணும் பண்ணல. ஓடிப்பிடிச்சு விளையாடிட்டு இருந்தோம். சிரிச்சுக்கிட்டே ஓடினா. சிரிச்சுக்கிட்டே விழுந்தா.”

சித்தப்பாமேல் கட்டி வைத்திருந்த சந்தேகமெல்லாம் ஒரு நொடியில் சரிந்தது. “அவங்க பேர் என்ன சித்தப்பா?” என்று கேட்டாள். பெயரையும் வயதையும் அவர் சொன்னார். இத்தனை வருஷத்தில் அந்தப் பெயரை அவள் கேட்டதே இல்லை. அவள் நன்றி சொல்லி முடிப்பதற்குள் கணவனின் அழைப்பு குறுக்கே வந்தது.

“பயப்படாத, ஒண்ணுமில்ல. குட்டி தூங்கிட்டுத்தான் இருக்கா. ஆனா தூக்கத்துல சிரிக்கிறா. கொஞ்ச நேரமா சிரிச்சுக்கிட்டே இருக்கா.”

“டாக்டரைக் கூப்பிடு. எங்க அத்தை சிரிச்சுக்கிட்டே விழுந்துதான் செத்தாங்கன்னு சொல்லு. ஓடு. இப்பவே!”

போனைக் கீழே வைத்தபோதுதான் கவுண்டர்மேல் திறந்து கிடந்த பதிவேட்டைப் பார்த்தாள். நடப்புப் பதிவேடு. இன்றைய பக்கம். காலையில் வந்தவர்களின் வரிகள் எழுதி முடிந்து காய்ந்திருந்தன. அவற்றுக்குக் கீழே ஒரு வரி காலியாக இருந்தது.

காலியாக இல்லை.

கடைசிக் கட்டத்தில் ஒரு கைரேகை. சின்னது. குறுக்கே தழும்பு. ஈரம்.

பெயர்க் கட்டத்தில் ஒன்றுமில்லை.

அவள் திரும்பிக் கம்பிக் கதவைப் பார்த்தாள். பூட்டு தொங்கியது. கத்த வாயைத் திறந்தாள். தாத்தாவுக்கு வராத சத்தம் அவளுக்கும் வரவில்லை. அந்தப் பக்கத்தைக் கிழித்துவிடலாம் என்று தோன்றியது. விளிம்பைப் பிடித்தும்விட்டாள். கிழித்தால்? இன்னொரு பக்கம் இருக்கிறது. அதிலும் வைப்பாள். எத்தனை சாவுக்கு வந்து நின்றிருக்கிறாள் இந்தக் குழந்தை! இந்த ஜன்னலுக்கு வெளியே, பெரியவர்களின் இடுப்புக்குக் கீழே, தன் பெயரையும் யாராவது சொல்வார்களா என்று ஒவ்வொரு தடவையும் அண்ணாந்து பார்த்துக்கொண்டு. யாரும் சொல்லவில்லை. அவரவர் துக்கம் அவரவருக்கு.

எழுதலைன்னா? என்று மகள் கேட்டது இப்போதுதான் அவள் காதில் விழுந்தது.

ஆண்டவன் தரும் தைரியம் எப்போதும் மலையைப் புரட்டும் அளவுக்கு வருவதில்லை. சில சமயம் ஒரு பேனாவைத் தூக்கும் அளவுக்குத்தான் வரும். அவளுக்கு அது வந்தது. கவுண்டரில் கயிறு கட்டித் தொங்கிய பேனாவை எடுத்தாள். எழுத்து கோணாமல், கடை ரசீதில் எழுதும் அக்கறையோடு, காலியாக இருந்த கட்டத்தில் அந்தப் பெயரை எழுதினாள். தாத்தாவின் பெயரை எழுதி, மகள் என்று போட்டாள். வயது எட்டு. விளையாடும்போது.

எழுதினால் மட்டும் போதாது. வாயால் சொல்ல வேண்டும்.

“அத்தை” என்றாள். தன் மகளைவிடச் சின்னவளை அப்படிக் கூப்பிட வேண்டியிருந்தது. “நீ செத்துட்டேம்மா. ரொம்ப நாளாச்சு. உன்கிட்ட சொல்லாம விட்டது எங்க தப்பு. நீ ஒண்ணும் பண்ணல கண்ணு.”

மழை ஓய்ந்தது போலிருந்தது. அறையில் எதுவும் அசையவில்லை.

செத்தவளே தகவல் தந்தவளாக இருக்க முடியாது. மேஜைமேல் இருந்த மைப்பெட்டி திறந்திருந்தது. யார் திறந்தார்கள் என்று அவள் யோசிக்கவில்லை. தன் கட்டைவிரலை மையில் ஒற்றி, அந்தச் சின்ன ரேகையின் மேலேயே வைத்து அழுத்தினாள்.

தாளுக்கு அடியிலிருந்து ஏதோ ஒன்று பதிலுக்கு அழுத்தியது.

சின்னது. குளிர்ந்தது. மெத்தென்றது.

அவள் விரலை எடுக்கவில்லை. ரோடு தாண்டும்போது பிடித்துக்கொள்ளும் குழந்தைக் கை அது. எடுக்க மனசு வரவில்லை. கண்ணில் நீர் வழிய, “போயிட்டு…” என்று தொடங்கியவள், வாசலில் எல்லோருக்கும் சொல்லிப் பழகிய மிச்சத்தை அப்படியே விழுங்கினாள். அழுத்தம் மெல்ல மெல்லத் தளர்ந்தது. அப்புறம் வெறும் தாள்தான்.

போன் அதிர்ந்தது. கணவன் அனுப்பியிருந்தான். சிரிப்பு நின்னுடுச்சு. டாக்டர் பக்கத்துலதான் இருக்கார். நல்லா மூச்சு விடறா. கருவி வச்சுடலாம்னு சொல்றார்.

அவள் நெற்றியை இரண்டு கையாலும் தாங்கிக்கொண்டு அழுதாள். யாரும் பார்க்கவில்லை. மேலே படியில் செருப்புச் சத்தம் இன்னும் கேட்கவில்லை. பதிவேட்டை மூடும் முன், மை காய்ந்துவிட்டதா என்று குனிந்து பார்த்தாள். அவளுடைய ரேகை தெளிவாக விழுந்திருந்தது. அதன் குறுக்கே, சாய்வாக, ஒரு வெட்டுத் தழும்பு.

மைப்பெட்டியை மூடக் கையை நீட்டியவள் அப்படியே நின்றாள்.

கவுண்டரின் மறுபக்கம். ஜன்னலுக்கு வெளியே. எட்டிப் பார்க்க முயலும் குழந்தை பிடித்துக்கொள்வது போல, மரவிளிம்பில் நாலு சின்ன விரல்கள். நகமெல்லாம் மை.

ஒரு விரல் விட்டது.

இன்னொன்று.

இன்னொன்று.

கடைசி விரல் மட்டும் விளிம்பிலேயே இருந்தது.