ரேடியேட்டர் சத்தம்

தொட்டியின் உள்பக்கக் கண்ணாடியில் எண்ணெய்க் கோடு ஒன்று இறங்கியிருந்தது. லைல் அதை விரலால் தொட்டுப் பார்த்தான். விளிம்பைச் சுற்றி அவன் தடவியிருந்த வாஸ்லின் ஓரிடத்தில் உருகி, வெதுவெதுவென்று வழிந்திருந்தது.

ஊரெல்லாம் கரப்பான் பெருகுகிறதே என்று மருந்தடிக்க, ஒன்றுகூடப் பெருகவில்லையே என்று வயிறெரிந்தவன் மில்வாக்கி நகரத்திலேயே லைல் ஒருவனாகத்தான் இருப்பான். அவை சமையலறைக் கரப்பான்கள் அல்ல, மடகாஸ்கர் தீவின் வகை. கட்டைவிரலைவிடப் பருமன், சிறகு கிடையாது, தொட்டால் பாம்பைப் போலச் சீறும். முட்டையை வயிற்றுக்குள்ளேயே அடைகாத்துக் குட்டிகளாக ஈனும். லைலின் பெண் கரப்பான்கள் மட்டும் வயிறு உப்பும், பிறகு ஒருநாள் வற்றிவிடும். தொட்டியில் ஒரு குட்டியும் இருக்காது.

"யோவ், கரப்பான் குட்டி போடலைன்னு உலகத்துலயே புலம்புற ஒரே ஆளு நீதான்யா" என்று போனில் சிரித்தான் ட்வைட். அவனும் கரப்பான் வளர்ப்பவன்தான். "சும்மா சும்மா அதுங்க ஒளியற முட்டை அட்டையத் தூக்கிப் பாக்குறியா? பாக்காத. வயித்துல இருக்கறப்ப தொந்தரவு பண்ணினா முட்டையை உதுத்துரும். சூடு, ஈரம், இருட்டு. அவ்வளவுதான். மூடி வெச்சுட்டு உன் வேலையப் பாரு."

வளர்ப்பவர்கள் கூட்டத்தில் எல்லாரும் இதையே சொல்லிச் சிரித்தபோது, மானத்துக்குப் பயந்து, "எனக்கும் குட்டி போட்டாச்சு" என்று லைல் சொல்லிவிட்டான். அந்தப் பொய்யை மெய்யாக்கத்தான் சூடேற்றும் விரிப்பை வாங்கி, நிறையச் சூடு ஏறட்டும் என்று தொட்டியின் விளிம்பு வரைக்கும் ஒட்டினான். கரப்பான்கள் ஏறித் தப்பாமல் கால் வழுக்கி விழச் செய்ய வேண்டிய வாஸ்லின் அங்கேயே உருகிவிட்டது.

முட்டை அட்டைகளை ஒவ்வொன்றாகத் தூக்கினான். தலையில் கொம்பு புடைத்த ஆண் கரப்பான்கள் சீறின. வயிறு உப்பிய பெண்களில் ஒன்றையும் காணோம். மேசைக்குப் பின்னால், நீராவியால் அறையைச் சூடாக்கும் ரேடியேட்டரின் குழாய் கீழ்வீட்டுக்கு இறங்கும் இடத்தில், தரையில் ஓர் ஓட்டை இருந்தது. ஒரு கை நுழையும். அங்கிருந்து ஈரமான காற்று மேலே வந்தது. தைல வாசம்.

கீழே ஆர்டெல் இருந்தாள். நுரையீரல் கெட்டுப் படுத்தபடுக்கையாகக் கிடக்கும் கிழவி. முதுகுக்கு அடியில் மின்சார விரிப்பு, தலைமாட்டில் நாளெல்லாம் நீராவி விடும் கருவி, வெளிச்சம் கண்ணைக் கூசும் என்று இழுத்துவிட்ட திரை. சூடு, ஈரம், இருட்டு. அவை எங்கே போயிருக்கும் என்று லைலுக்குப் புரிந்துவிட்டது. ஆனாலும் போய்ச் சொல்லவில்லை. பூச்சி வளர்ப்பது தெரிந்தால் வீட்டுக்காரர் காலி செய்யச் சொல்வார் என்பது அவன் தனக்கே சொல்லிக்கொண்ட காரணம். உண்மையில் வெட்கம்தான். ஐம்பது வயதில், கட்டியவளும் போன பிறகு, கரப்பானுக்குப் பிரசவம் பார்க்கிறவன் என்று ஊர் சிரிக்குமே என்ற வெட்கம். ஓட்டையைக் கந்தல் துணியால் அடைத்தான்.

பனி கொட்டத் தொடங்கிய வாரத்தில், ஆர்டெலின் மகள் நோரீன் அவனை மாடிப்படியில் நிறுத்தினாள்.

"ஒண்ணு கேக்கணும் லைல். படுக்கை சீறுது, படுக்கை சீறுதுன்னு அம்மா புலம்பிக்கிட்டே இருக்காங்க. மேல உங்களுக்கும் ஏதாவது கேக்குதா?"

கதவு திறந்திருந்தது. உள்ளேயிருந்து ஆர்டெல் அவனைப் பார்த்துக்கொண்டிருந்தாள். போன வருஷம் அவன் காய்ச்சலில் கிடந்தபோது, மூச்சு வாங்க வாங்கப் படியேறி சூப் கொண்டுவந்தவள்.

"ரேடியேட்டர்தாங்க" என்றான் லைல். "பழைய கட்டிடம். எல்லா வீட்லயும் சீறும்."

"நானும் அதையேதான் சொல்றேன். புத்தி தடுமாறுது, பாவம். திங்கக்கிழமை முதியோர் இல்லத்துல சேத்துடறேன். டாக்டரும் சரின்னுட்டாரு."

"எனக்குப் பைத்தியமா லைல்?" என்று உள்ளேயிருந்து கேட்டாள் ஆர்டெல். "நீயே சொல்லுப்பா. உன் பேச்ச இவ நம்புவா."

ஒரே ஒரு வாக்கியம் போதும். அவள் தன் வீட்டிலேயே இருந்திருப்பாள். லைல் படியேறிவிட்டான்.

திங்கட்கிழமை மத்தியானம் கொதிகலன் நின்றுபோனது. கட்டிடம் முழுக்க ரேடியேட்டர்கள் ஒவ்வொன்றாகக் குளிர்ந்து, இத்தனை வருஷமாக அவற்றின் சீறலுக்குப் பழகிய காதில் நிசப்தம் பஞ்சாக அடைத்தது. ஜன்னலில் பனி ஏற, பகலிலேயே இருட்டிக்கொண்டு வந்தது. அப்போது நோரீன் போன் செய்தாள். வழுக்குப் பாதையில் வண்டி மெதுவாக வருகிறது, அம்மா தனியாக இருக்கிறாள், சாவி உங்களிடம் இருக்கிறதே, கொஞ்சம் போய்ப் பாருங்கள் என்றாள். இன்று சொல்லிவிடுவது என்று நெஞ்சுக்குள் நூறு தடவை சொல்லிப் பார்த்துக்கொண்டே அவன் இறங்கினான்.

அறையில் தைல வாசம். அதற்கு அடியில் இன்னொரு வாசம், புளித்த மாவும் ஈர மண்ணும் கலந்தது போல. அவனுக்கு மிகப் பழகிய வாசம். ஆர்டெல் கழுத்துவரை போர்த்திக் கிடந்தாள். போர்வை ஏறி இறங்கியது. மூச்சு விடும்போதெல்லாம் மெல்லிய சீறல்.

லைல் ரேடியேட்டரைத் தொட்டான். பனிக்கட்டி.

சீறல் நிற்கவில்லை.

"ரேடியேட்டர்தானே, லைல்?" என்றாள் ஆர்டெல். உதடு மட்டும் அசைந்தது. "நான் அசையலப்பா. அசைஞ்சா கோவப்படுதுங்க."

போர்வையைத் தூக்கினான்.

விரிப்பின் சூட்டில், அவள் விலாவை ஒட்டி, அக்குளில், இடுப்பு மடிப்பில், வரிசையாகப் பெண் கரப்பான்கள். காணாமல் போனவை. அவற்றைச் சுற்றிலும் குட்டிகள். அப்போதுதான் பிறந்தவை, நிறம் ஏறாதவை. வேகவைத்த அரிசியாக வெள்ளை வெளேரென்று. இரவு உடுப்பு முழுக்க. அசைந்துகொண்டு.

வெளிச்சம் பட்டதும் எல்லாம் சேர்ந்து சீறின.

அவன் நெஞ்சில் முதலில் வந்தது பயம் அல்ல. சந்தோஷம். குட்டி போட்டுவிட்டன. அது முகத்தில் தெரிந்ததோ என்னவோ, ஆர்டெல் பார்த்துவிட்டாள். வெட்கம் அவனை உச்சி முதல் உள்ளங்கால் வரை சுட்டது.

படியில் காலடி. நோரீன் பனியை உதறிக்கொண்டு உள்ளே வந்தாள்.

"அம்மா எப்படி இருக்காங்க? அது என்ன சத்தம்?"

ஆர்டெல் அவனையே பார்த்தாள். காத்திருந்தாள்.

தொந்தரவு பண்ணாதே. மூடி வை. கை தானாகவே போர்வையை இழுத்து, அவள் கழுத்துவரை போர்த்தி, ஓரங்களைச் செருகியது.

"ரேடியேட்டர்" என்றான்.

ஆர்டெல் கண்களை மூடிக்கொண்டாள். இமையோரம் நனைந்தது. நோரீன் கையுறையைக் கழற்றிவிட்டு, விறைத்த விரல்களைச் சூடேற்ற ரேடியேட்டர் பக்கம் நீட்டினாள்.

போர்வையின் ஓரத்திலிருந்து வெள்ளைக் குட்டி ஒன்று வெளியே வந்து, லைலின் கட்டைவிரலில் ஏறியது. அவன் அதை உதறவில்லை. நோரீன் பார்த்துவிடாமல், இன்னொரு கையால் மெல்ல மூடிக்கொண்டான்.