ஷட்டவுன் அன்று கேட்ட துடிப்பு

தேஜஸ்ரீக்கு அன்று காலை வாந்தி வரவில்லை.

மூன்று மாதமாகப் பல் விளக்கும் முன்பே குடலைப் புரட்டிக்கொண்டு வரும். கீழே பனியன் துணி பின்னும் நிட்டிங் ஷெட்டில் இரவு பகலாக ஓடும் மெஷின்களின் எண்ணெய் வாடையும் பஞ்சுத் தூசியும் ஜன்னல் வழியே ஏறியதும், வாஷ்பேசினை இரண்டு கையாலும் இறுக்கிக்கொண்டு நிற்பாள். இன்றும் அதே வாடை வந்தது. வயிறு சும்மா கிடந்தது. அப்பாடா என்று இருந்திருக்க வேண்டும். அவளுக்கோ பகீரென்றது.

போன வாரம் ஸ்கேன் பார்த்த டாக்டர், "பாப்பா ஹார்ட் பீட் கொஞ்சம் மெதுவா இருக்குதுங்க, அடுத்த வாரம் மறுபடி பாத்துரலாம்," என்றார். "வாந்தி இருக்குதுங்களா? இருக்கட்டும், நல்லதுதான்." அந்த ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டுதான் இத்தனை நாளும் தைரியமாக வாந்தி எடுத்தாள்.

கணவன் தரணீதரனும் மாமியாரும் வெள்ளகோவிலில் கல்யாணத்துக்குப் போயிருந்தார்கள். போன் போட்டாள்.

"ஏனுங்க, இன்னைக்கு வாந்தியே வரலீங்க."

மேளச் சத்தத்துக்கு நடுவே அவன் சிரித்தான். "நல்லதுதான கண்ணு! மூணு மாசத்துல நின்னுருமாம், அம்மா சொல்றாங்க. சாப்ட்டுட்டுப் படு."

படுத்தாள். ஸ்கேனுக்குப் பிறகு அவன் ஆன்லைனில் வாங்கிக் கொடுத்திருந்த, குழந்தையின் துடிப்பைக் கேட்கும் சின்ன பேட்டரிக் கருவியை எடுத்து, ஜெல் தடவி, அடிவயிற்றில் வைத்தாள். டுப்பு டுப்பு டுப்பு. தினமும் கேட்கும் அதே சத்தம். "அடக் கள்ளி, என்னைப் பயமுறுத்திட்டியே," என்று வயிற்றைத் தடவிச் சிரித்தாள்.

அப்போதுதான் கரண்ட் போனது. இன்று மாதாந்திர ஷட்டவுன், சாயங்காலம்தான் வரும். கீழே மெஷின்கள் இழுத்து இழுத்துச் சுற்றி, ஓய்ந்தன.

கருவிக்குள் துடிப்பும் இழுத்தது. இழுத்து இழுத்து, ஓய்ந்தது.

இத்தனை நாளும் கேட்டது மெஷின் சத்தமா?

"அக்கா, நாங்க கெளம்பறமுங்க!" கீழேயிருந்து மெஷின் ஓட்டும் அர்த்தநாரி குரல் கொடுத்தார். கேட் சாத்தும் சத்தம். அப்புறம் தெருவிலும் சத்தமில்லை. தெருவெல்லாம் மெஷின் ஓடும் ராயபுரத்தில் பகலில் இப்படி ஓர் அமைதியை அவள் கேட்டதே இல்லை.

வலப்பக்கம் வைத்தாள். இடப்பக்கம். தொப்புளுக்குக் கீழே. வெறும் இரைச்சல். "ஒரே ஒருக்கா, சாமி," என்று எழுந்து நின்று அழுதாள்.

டுப்பு.

வயிற்றில் இல்லை. காலுக்கடியில், தரையில்.

கருவியைக் கையில் பிடித்தபடி படியிறங்கினாள். ஷெட் இருட்டாக இருந்தது. எல்லா மெஷின்களும் நின்றிருந்தன. கடைசி மெஷினின் அடியில், பாதி பின்னிய வெள்ளைத் துணி அறுக்காமல் உருளையாகச் சுருண்டு, உப்பிக்கொண்டு தொங்கியது.

தொட்டாள். கதகதப்பாக இருந்தது.

கை தானாகப் போய்க் கருவியை அதன்மேல் வைத்தது.

டுப்பு டுப்பு டுப்பு டுப்பு. வேகமாக. பலமாக. டாக்டர் கேட்டிருந்தால் சந்தோஷப்பட்டிருப்பார்.

ஒரு கையால் தன் வயிற்றைத் தொட்டாள். சில்லென்றிருந்தது.

அவளுக்குக் குமட்டிக்கொண்டு வந்தது. மூன்று மாதமாக வந்த அதே குமட்டல். மெஷினை இரண்டு கையாலும் இறுக்கிக்கொண்டு குனிந்தாள்.

அவள் முகத்துக்கு நேரே துணி உள்ளிருந்து புடைத்தது. ஒரு சின்னக் குதிகால் அளவுக்கு.