பன்னிரண்டு கதைகளிலும் ஒரே குழந்தை

முன்னுரையார் வீட்டுக்கு அவள் காலை பத்து மணிக்குப் போய்ச் சேர்ந்தாள். அவருக்கென்று ஒரு சொந்தப் பெயர் இருந்தது. ஆனால் யாராவது கேட்டால் கல்யாணப் பத்திரிகைக்குக்கூட முன்னுரை எழுதித் தருகிற மனிதர் என்பதால் இந்தப் பெயரே நிலைத்துவிட்டது. மாடியில் நீண்ட அறை. ஜன்னல்களைப் புத்தகங்கள் அடைத்திருந்ததால் பகலிலும் விளக்கு எரிந்தது. பழைய தாளும் பசையும் ஊறிய வாசனை, வெகுநாள் திறக்காத பெட்டிக்குள் தலையை விட்டாற்போல.

"வாம்மா. இலக்கிய வரலாறு உனக்காகக் காத்துக்கிட்டிருக்கு."

வரலாறு மேசைமேல் ஒரு கட்டாகக் கிடந்தது. பன்னிரண்டு எழுத்தாளர்கள், பன்னிரண்டு கதைகள், எல்லாருக்கும் ஒரே கரு: ஒரு வீட்டில் ஒருவரை மட்டும் எல்லாரும் மறந்துபோகிறார்கள். அந்த ஒரு வரி முன்னுரையார் கொடுத்தது. அந்த வரியைப் பாராட்டி இருபத்திரண்டு பக்கத்துக்கு முன்னுரையும் எழுதியிருந்தார். கதைகளைப் படிக்கவில்லை. படித்தால் பார்வை கெட்டுவிடும் என்பது அவர் கொள்கை.

அவள் மெய்ப்புத் திருத்துபவள். மாலை கட்டு அச்சகத்துக்குப் போயாக வேண்டும். வீட்டில் ஆறு வயது மகளுக்குக் காய்ச்சல் என்பதால் கணவன் லீவு போட்டிருந்தான். உட்காருவதற்கு முன் போன் செய்தாள்.

"குட்டி எப்படி இருக்கா?"

"இப்பதான் தூங்கினா. உன் சேலையைப் போர்த்திக்கிட்டுத்தான் படுப்பேன்னு ஒரே அடம். நான் பார்த்துக்கறேன், நீ வேலையைப் பாரு."

முன்னுரையார் தொண்டையைச் செருமினார். "ஒரே ஒரு விஷயம். எல்லாக் கதையிலயும் ஓரத்துல ஒரு சின்னப் பொண்ணு வருதாம். அச்சுக் கோத்தவர் சொன்னார். கதைக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்லையாம். விமர்சகன் கண்ணுல பட்டா, ஒருத்தரைப் பார்த்து ஒருத்தர் காப்பி அடிச்சாங்கன்னு கிழிச்சுடுவான். எடுத்துடு."

"எழுதினவங்களை ஒரு வார்த்தை கேக்க வேண்டாமா சார்?"

"எழுத்தாளனைக் கேட்டா கமாவைக்கூட எடுக்க விடமாட்டான். புத்தகம் வந்ததும் அவன் தேடுறது தன் பேரைத்தான். நீ அடிம்மா."

அடித்தாள். இருபது வருடப் பழக்கம்: அவள் எழுத்தைப் பார்ப்பாள், கதையைப் பார்க்கமாட்டாள். கதைக்குள் போனால் பிழை தப்பிவிடும். முதல் கதையில் எல்லாரும் மறந்தது ஓய்வுபெற்ற நீதிபதியை. அவர் வாசலில் ஒரு சிறுமி, செருப்பைக் கால் மாற்றிப் போட்டுக்கொண்டு நின்றாள். அவள்மேல் ஒரு கோடு, கோட்டின் நுனியில் ஒரு சுழி. சுழி என்றால் நீக்கு. இரண்டாவது கதையில் மறக்கப்பட்டவன் சமையல்காரன். அவன் பின்னால் முன்பல் விழுந்த ஒரு சிறுமி. கோடு, சுழி.

ஒவ்வொரு சுழிக்கும் வீட்டுக்குள் எங்கோ ஒரு கதவு மெல்லச் சாத்திக்கொள்கிற சத்தம் கேட்டது. பழைய வீடு, காற்றாக இருக்கும்.

ஆறாவது கதையில் அந்த வரியில் விரலை வைத்தபோது தாள் வெதுவெதுப்பாக இருந்தது. விளக்கின் சூடு என்று நினைத்து விளக்கைத் தள்ளி வைத்தாள். எட்டாவது கதையில் இன்னும் சுட்டது. உள்ளங்கையை வைத்துப் பார்த்தாள். பழகிய சூடு. நேற்று இரவு முழுக்கத் தொட்டுத் தொட்டுப் பார்த்த சூடு.

அதையும் அடித்தாள். மணி ஒன்றாகிவிட்டது.

ஒன்பதாவது கதையில் அந்தச் சிறுமி முதல்முறையாக வாயைத் திறந்தாள். சுவரில் ஓடிய பல்லியைக் காட்டி, 'சுவர் மாமா' என்றாள்.

பேனா நின்றது.

பல்லியைச் சுவர் மாமா என்று கூப்பிடுகிற ஆள் அவளுக்குத் தெரிந்து ஒருத்திதான்.

இப்போது அறைக்குள் சிக்னல் இல்லை. படிக்கட்டுக்கு ஓடினாள்.

"குட்டி எழுந்துட்டாளா?"

"யாரு?"

"விளையாடாதீங்க. காய்ச்சல் குறைஞ்சுதா?"

"யாருக்குக் காய்ச்சல்? நான் நல்லாத்தான் இருக்கேன். இன்னிக்கு எதுக்கு லீவு போட்டேன்னுதான் புரியல."

"போர்வை... என் சேலையை யார் போர்த்தியிருக்கான்னு போய்ப் பாருங்க."

அவன் நடந்து போகிற சத்தம் கேட்டது.

"சேலை இருக்கு. அதுக்குள்ள யாரும் இல்ல."

திரும்பி ஓடினாள். அடித்ததை மீட்கத் தொழிலில் வழி உண்டு. அடித்த சொல்லுக்குக் கீழே வரிசையாகப் புள்ளி வைத்தால் போதும். அது இருக்கட்டும் என்று பொருள். முதல் கதையை எடுத்தாள்.

கோடு இருந்தது. சுழி இருந்தது.

கோட்டுக்கு அடியில் எழுத்து இல்லை.

வெற்றுத் தாளுக்குக் கீழே புள்ளி வைத்தாள். இரண்டாவதிலும் அப்படியே. எட்டாவதைத் தொட்டாள். தாள் சில்லென்று கிடந்தது.

போகட்டும், ஒன்பதிலிருந்து பன்னிரண்டு வரை இன்னும் அடிக்கவில்லை. அந்த நாலு கதை போதும். அவற்றைத் தேடினாள்.

"அதையா தேடுற?" முன்னுரையார் சிவப்புப் பேனாவை மூடிக்கொண்டிருந்தார். முகத்தில் உழைத்த களை. "நீ போன்ல இருந்தியேன்னு நாலையும் நானே அடிச்சுட்டேன். வேலைன்னு வந்துட்டா நான் பெரிய ஆள் சின்ன ஆள் பார்க்கமாட்டேன்."

வாழ்நாளில் அவர் அடுத்தவருக்குச் செய்த முதல் ஒத்தாசை அது. சுழியெல்லாம் கொழுகொழுவென்று, ஆட்டோகிராஃப் மாதிரி இருந்தது.

அவள் ஓரத்து வெற்றிடத்தில் எழுதத் தொடங்கினாள். எழுதிச் சேர்த்துவிட்டால் அது இருக்கும். ஆறு வயதுப் பெண். பல் விழுந்திருக்கும்.

மேல் பல்லா, கீழ்ப் பல்லா?

பள்ளிக்கூடத்தில் என்ன பெயர் கொடுத்தோம்? அவளைத் தூக்கினால் கை எந்தப் பக்கம் வலிக்கும்?

கடைசியாக 'குட்டி' என்று எழுதினாள். அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். எங்கோ கடைசிக் கதவும் சாத்திக்கொண்டது.

கையெழுத்து தன்னுடையதுதான். ஆனால் முன்னும் இல்லாமல் பின்னும் இல்லாமல் அந்தரத்தில் ஒரு சொல் தொங்கிக்கொண்டிருந்தது. எந்த வாக்கியத்திலும் சேரவில்லை. நல்ல மெய்ப்புத் திருத்துபவள் அப்படி விட்டுவைக்கமாட்டாள்.

கோடு. சுழி.

"முடிஞ்சுதாம்மா?"

"முடிஞ்சுது சார்."

"கண்ணு ஏன் கலங்கியிருக்கு?"

"தெரியல சார். தூசியா இருக்கும்."

ஒரு மாதத்தில் ஐநூறு பிரதிகள் அந்த மாடியறைக்கு வந்து இறங்கின. அன்றே முன்னுரையார் போனில் கத்தினார். "என்னம்மா இது! யாரோ புத்தகத்துல கிறுக்கி வெச்சிருக்காங்க. இப்பதான் கட்டையே பிரிச்சேன்!"

போய்ப் பார்த்தாள். கடைசிப் பக்கத்தில், பன்னிரண்டாவது கதை முடிந்த இடத்துக்குக் கீழே, பென்சிலால், கோணல்மாணலாக: நான் இங்கதான் இருக்கேன்.

எல்லாப் பிரதியிலும். பிரதிக்குப் பிரதி எழுத்து கொஞ்சம் மாறியிருந்தது. ஒருவர் உட்கார்ந்து ஐநூறு தடவை எழுதியதுபோல.

அவள் ரப்பரோடு மூன்று பகல் உட்கார்ந்து ஐநூறையும் அழித்தாள். கடைசிப் பிரதியை மூடி வைத்துவிட்டு, சரியாகப் போயிருக்கிறதா என்று அடுக்கின் மேலே இருந்ததைத் திறந்தாள்.

புதிய வரி. பென்சிலை நாக்கில் தொட்டு அழுத்தி எழுதியிருந்தது. எழுத்தில் எச்சில் ஈரம் இன்னும் காயவில்லை.

அழிக்காதம்மா. வலிக்குது.

எழுத்துப்பிழை இருக்கிறதா என்று ஒருமுறை படித்துப் பார்த்தாள். இல்லை. ரப்பரை மீண்டும் கையில் எடுத்தாள்.