நெருப்புக் குழியில் தூண் கிடையாது

"அது இன்னா குடையா, கடப்பாரையா?"

சொல்லாமல் கொள்ளாமல் வந்த கோடை மழைக்குப் பயந்து, பாகூர் பஸ் நிறுத்தத்துக்குள் பாய்ந்து வந்தவனைப் பார்த்துத்தான் பிரவீணா கத்தினாள். அவன் மடக்கிய குடையின் முனை அவள் பையில் மாட்டி, பை கிழிந்து, சீப்பு ஒரு பக்கம், கைக்குட்டை ஒரு பக்கம்...

"கடப்பாரை வேணும்னா நம்ம கடைக்கு வாங்க. மார்க்கெட் தெருவுல அரிகரன் இரும்புக் கடைன்னா யாரும் சொல்லுவாங்க."

சிரிப்பு வேறு! நனைந்த புளியங்கொட்டை மாதிரி பளபளவென்று இரண்டு கண்கள். இமையில் தொங்கிய மழைத்துளி விழுமா விழாதா என்று அவள் பார்த்துக்கொண்டே இருந்துவிட்டாள். சே... என்ன இது!

அதற்குள் அவன் குனிந்து ஒரு மாத்திரை அட்டையை எடுத்தான். எடுத்தவன் அதைப் பார்த்தான்.



போச்சு. மன அழுத்தத்துக்கு அவள் மாத்திரை சாப்பிடுவது அம்மாவைத் தவிர யாருக்கும் தெரியாது. வீட்டில் அந்த அட்டை மிளகாய்த்தூள் டப்பாவுக்குப் பின்னால் ஒளிந்திருக்கும். 'கல்யாணம் ஆவப்போற பொண்ணு. வெளிய தெரிஞ்சா யாருடி வருவாங்க உன்னைக் கேட்டு?' என்பாள் அம்மா.

"அடுத்தவங்க மாத்திரைய படிக்கறது இன்னா பழக்கம்?" வெடுக்கென்று பிடுங்கினாள்.

"படிக்கலிங்க. பாத்ததும் தெரிஞ்சிடுச்சி... நம்ம ஆளுன்னு." குரலைத் தாழ்த்தினான். "நானும் இதேதான் போட்டுக்கினு இருந்தேன்."

மழைச் சத்தம் எங்கோ போய்விட்டது. இந்த உலகத்தில் தன்னைப் போல இன்னொருவர்! அதுவும் இப்படிச் சிரிக்கிற ஒருவர்! அவள் நெஞ்சு குதித்தது. பிறகுதான் அந்த வார்த்தை உறைத்தது.

"இருந்தேன்னா?"

அவன் மணிக்கட்டை நீட்டினான். மஞ்சள் கயிறு. "தீமிதிக்குக் காப்பு கட்டியிருக்கேன். கட்டின அன்னிக்கே மாத்திரைய நிறுத்திட்டேன். புத்திக்குப் போடற மாத்திரை அம்மனுக்கு ஆவாதுன்னு எங்கம்மா..."

பஸ் வருகிறதா என்று திரும்பியவன், சட்டென்று தூணைப் பிடித்துக்கொண்டான்.

"தலைய திருப்பினா உள்ள கரண்ட் அடிக்குதா?"

"எப்பிடிங்க தெரியும்?"

"போன வருஷம் நல்லாயிடுச்சின்னு நானா நிறுத்துனேன். மண்டைக்குள்ள சுரீர் சுரீர்னு... தூக்கம் போச்சி. அப்புறம் பழைய அழுகையும் திரும்பி வந்துடுச்சி. லில்லி டாக்டர் திட்டுன திட்டு இருக்கே! நிறுத்தற நேரம் வந்தா நானே கொஞ்சங்கொஞ்சமா குறைச்சி நிறுத்தறேன், நீயா திடுதிப்புன்னு விடாதன்னு."

"எனக்கும் அவங்கதாங்க டாக்டர். அப்ப உங்க அட்டையில இருந்து ஒண்ணு குடுங்களேன்," கண்ணைச் சிமிட்டினான்.

"அய்ய! மாத்திரை இன்னா பொட்டுக்கடலையா, பங்கு போட்டுக்க? உங்க அளவு வேற, என் அளவு வேற. முதல்ல டாக்டருக்குப் போன் போடுங்க."

அவன் சிரிப்பு மறைந்தது. "வேணாங்க. மாத்திரை இல்லாமலே நெருப்புல இறங்கிக் காட்டறேன். என்னை ஒருமாதிரி பாத்தவங்க வாயெல்லாம் மூடிக்கும்."

"வீம்பு!"

அவள் ஊருக்குப் போகும் குருவிநத்தம் பஸ் வந்தது. கோபமாக ஏறி உட்கார்ந்தாள். ஜன்னல் வழியே பார்த்தபோது, அவன் இன்னும் அந்தத் தூணைப் பிடித்தபடியே நின்றிருந்தான்.

வெள்ளிக்கிழமை தீமிதி. நெருப்புக் குழியில் பிடித்துக்கொள்ளத் தூண் கிடையாதே!

மறுநாள் காலை அவள் கால்கள் அவளைக் கேட்காமலே மார்க்கெட் தெருவுக்குப் போயின. கடையில் அவன் அம்மா சிவகாமசுந்தரி உட்கார்ந்திருந்தார். அவர் கையிலும் காப்பு. பக்கத்தில் மண்வெட்டி விலை பேசிக்கொண்டு... அய்யோ, குருவிநத்தம் புவனேஸ்வரி அக்கா! இந்த அக்கா காதில் விழுந்தால் பொழுது சாய்வதற்குள் ஊருக்கே தெரிந்துவிடும்.

திரும்பிப் போய்விடலாமா? உள்ளே மூட்டைமேல் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்த அரிகரன் நிமிர்ந்தான். அந்தக் கண்களில் இன்று பளபளப்பே இல்லை.

"அம்மா... அவரை மாத்திரைய நிறுத்தச் சொன்னது தப்பும்மா."

"இன்னா மாத்திரை? எம்புள்ளைக்கு ஒண்ணுமில்ல. யாரும்மா நீ?"

புவனேஸ்வரி அக்காவின் காது நீண்டது.

பிரவீணா கண்ணை மூடித் திறந்தாள். "நானும் அதே மாத்திரைதாம்மா போடறேன். போடறதாலதான் உங்க முன்னாடி நின்னு பேசறேன். திடுதிப்புன்னு விட்டா தலை சுத்தும்மா. அதோட நெருப்புல இறங்குனா..."

சிவகாமசுந்தரியின் முகம் வெளுத்தது. "காப்பு கட்டிக்கினு எப்பிடிம்மா..."

"நீங்களும் கட்டியிருக்கீங்களே. காலைல மாத்திரை எதுவும் போட்டீங்களா?"

"சுகர் மாத்திரை போடாம? மயக்கம் வந்துடுமே! அது உடம்புக்கு..."

"மூளையும் உடம்புலதானேம்மா இருக்குது?"

புவனேஸ்வரி அக்கா மண்வெட்டியை மெதுவாகக் கீழே வைத்தார்.

அரிகரன் எழுந்து வந்து தன் போனை அவளிடம் நீட்டினான். அவள் டாக்டரைக் கூப்பிட்டு ஸ்பீக்கரில் போட்டாள்.

"விட்டதையெல்லாம் சேத்துப் போட்டுடாதப்பா," என்றது லில்லி டாக்டரின் குரல். "இன்னிக்கே நேர்ல வா, மறுபடி எப்பிடி ஆரம்பிக்கறதுன்னு பாத்து சொல்றேன். தலை சுத்தறவரைக்கும் நெருப்பு கிட்டயே போவாத."

வீடு போய்ச் சேர்வதற்குள் சேதி முந்திக்கொண்டது. "எல்லாம் முடிஞ்சிபோச்சிடி... இனிமே யாருடி வருவாங்க?" அம்மா தலையில் கைவைத்து அழுதாள். பிரவீணாவும் அழுதாள். ஆனால் மிளகாய்த்தூள் டப்பாவுக்குப் பின்னாலிருந்த அட்டையை எடுத்து, எல்லாரும் பார்க்கும்படி அலமாரியில் வைத்தாள்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம். உடுக்கைச் சத்தம், வேப்பிலை வாசம், செக்கச்செவேல் என்று தணல்... அரிகரன் நெருப்பில் இறங்கவில்லை. தள்ளி நின்று, தீ மிதித்து வந்தவர்களுக்கு மோர் கொடுத்துக்கொண்டிருந்தான். அவளைப் பார்த்ததும் ஓடிவந்தான்.

"அம்மன் எங்கியும் போயிடல, அடுத்த வருஷம் இறங்குன்னு பூசாரி சொல்லிட்டாரு."

"டாக்டரைக் கேட்டுட்டு இறங்குங்க."

"சரிங்க டீச்சர்." சிரித்தான். அந்தப் புளியங்கொட்டைக் கண்கள் கொஞ்சம் திரும்பி வந்திருந்தன. "எனக்காக உங்க ரகசியத்தையே போட்டு உடைச்சிட்டீங்க. அப்பவே... அந்த நிமிஷமே நான் விழுந்துட்டேங்க. தலை சுத்தி இல்ல."

அவளுக்கு முகமெல்லாம் தணல்.

"அங்க பாருங்க," என்றான் மெதுவாக.

கூட்டத்துக்கு நடுவே சிவகாமசுந்தரி, பிரவீணாவின் அம்மா கையைப் பிடித்துக்கொண்டிருந்தார். "பொண்ணு கேட்டு உங்க வூட்டுக்கு வரலாமா?" என்பது இங்கேவரை கேட்டது. அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள்... இல்லை, சிரித்தாள்.

"நீங்க ஒண்ணும் சொல்லலியே?" என்று கேட்டான்.

பிரவீணா கால்விரலால் மண்ணைக் கீறினாள்.

"நான் சிலநாள் ராத்திரி மாத்திரைய மறந்துடுவேன்... ஞாபகப்படுத்த ஆள் வேணும்."