கண்ணாடியில் இன்னொரு மூச்சு

நாங்கள் மலைக்குக் குடிவந்தது என் மனைவியின் நுரையீரலுக்காக. கீழே நகரத்தில் அவளால் ஒரு மாடிப்படி முழுதாக ஏற முடியாது. "இனி மலைக்காற்றுதான் மருந்து. இங்கேயே இருந்தால் வருஷம் தாங்காது" என்றார் டாக்டர். நான் ஓய்வுபெற்ற ஓவிய வாத்தியார். எனக்கு ஒரு நாற்காலி இருந்தால் போதும், எந்த ஊரும் ஒன்றுதான்.

வீடு சரிவின் விளிம்பில் இருந்தது. படுக்கையறை ஜன்னலுக்கு வெளியே நேரே பள்ளத்தாக்கு. விடியும்போது மூடுபனி மரங்களை ஒவ்வொன்றாக விழுங்கிக்கொண்டு மேலே ஏறும். தகரக் கூரையிலிருந்து பனி சொட்டும். பெயர் தெரியாத ஒரு குருவி மூன்று முறை கத்திவிட்டு, நாங்கள் கேட்டோமா என்று பார்ப்பதுபோல நிறுத்தும்.

அந்த நேரத்தில் எங்களுக்கு ஒரு விளையாட்டு. அவள் ஜன்னல் கண்ணாடியில் ஒரே மூச்சாக ஊதுவாள். படியும் ஆவியைச் சுற்றி நான் மார்க்கர் பேனாவால் கோடு போடுவேன். முதல் வாரம் சட்டைப் பொத்தான் அளவு. மூன்றாம் மாதம் டம்ளர் மூடி அளவு. முப்பது வருடம் பிள்ளைகளுக்கு வட்டம் போடக் கற்றுக்கொடுத்தவன் நான். ஒன்றுகூடக் கோணாமல் வந்ததில்லை.

ஒரு காலை, அவளுடைய வட்டத்துக்குப் பக்கத்தில் இன்னொன்று இருந்தது.

"நீங்களா ஊதினீங்க?"

"நான் இப்பதானே எழுந்திருக்கேன்."

துணியால் துடைத்தேன். போகவில்லை. ஆவி வெளிப்பக்கம் படிந்திருந்தது.

வெளியே யாரும் நிற்க முடியாது. ஜன்னலுக்குக் கீழே நாற்பதடி வெறும் காற்று.

மறுநாள் அது பெரிதாகியிருந்தது. அவளுடையது எலுமிச்சை அளவுக்குச் சுருங்கியது. அதற்கு மறுநாள், பழையபடி பொத்தான். அடுப்படிவரை நடந்ததற்கே சுவரைப் பிடித்துக்கொண்டாள். அறையில் ஈரமண் வாசனை அடித்தது. மழை பெய்து பத்து நாளாகியிருந்தது.

பால்காரர் வாசலைத் தாண்டி உள்ளே வரவில்லை. "இந்த வீட்டுல யாரும் நாலு மாசம் தாண்டினதில்ல சார்" என்றார், குரலைத் தாழ்த்தி.

அவர் முடிப்பதற்குள் நான் பாதிப் பெட்டி கட்டிவிட்டேன். என் வீரம் அந்த ரகம்.

"எங்க கிளம்பிட்டீங்க?" என்றாள் அவள்.

"கீழ."

"கீழ போனா புகை கொல்லும். இங்க இருந்தா இது கொல்லும். சண்டை போட்டுத்தான் பாக்குறேனே! பேனாவைக் குடுங்க."

கண்ணாடியின் நடுவே மேலிருந்து கீழாக ஒரு கோடு இழுத்தாள்.

"இங்க பாரு. அந்தப் பக்கம் உன்னோடது, இந்தப் பக்கம் என்னோடது. இருபத்தேழு வருஷமா இந்த மனுஷன்கிட்ட போர்வைக்குச் சண்டை போட்டு ஜெயிச்சவ நான். நீ எம்மாத்திரம்?"

ஊதினாள். இருமினாள். கண்ணில் நீர் வழிய, மறுபடியும் ஊதினாள்.

வெளியிலிருந்த வட்டம் மெல்ல விரிந்தது. கோடுவரை வந்தது.

நின்றது.

அடுத்த நாள் காலை அவளுடையது சாஸர் அளவு. மற்றது இருந்த இடமே தெரியவில்லை. "ஏங்க, குருவி இன்னிக்கு நாலு தடவை கத்துச்சு!" என்று சொல்லிவிட்டு, பாடிக்கொண்டே அடுப்படிக்குப் போனாள்.

குஷியில் நானும் கண்ணாடியில் ஊதினேன்.

ஒன்றும் படியவில்லை.

அடிவயிற்றிலிருந்து ஊதினேன். கண்ணாடிக்கு அப்பால் மரங்கள் இலை இலையாகத் தெரிந்தன.

அடுப்படியில் அவள் பாட்டு இன்னும் நிற்கவில்லை. அத்தனை நீளமாக அவள் பாடி நான் கேட்டதே இல்லை. கூப்பிட வாயெடுத்தேன். கூப்பிடவில்லை.

பேனாவை எடுத்து, கண்ணாடியின் மூலையில் ஒரு கட்டம் போட்டேன். அதுவும் கோணல்.

"அவளை விட்டுட்டே, சந்தோஷம்" என்றேன் கிசுகிசுப்பாக. "அதுக்காக நான் இளிச்சவாயன்னு நெனைச்சுடாதே. இது என் இடம். நாளைக்கும் ஊதுவேன், மறுநாளும் ஊதுவேன். பெட்டியைப் பிரிச்சாச்சு, நாங்க எங்கயும் போறதா இல்ல."

பேனாவை மூடினேன்.

என் கட்டத்துக்குள், வெளிப்பக்கமாக, ஓர் ஆவி வட்டம் மெல்லப் படிந்தது.

அது கொஞ்சம்கூடக் கோணவில்லை.