ஓட்டின் மேல் மூன்று தட்டு

அலமாரியில் ஒரு புத்தகம் மட்டும் நனைந்திருந்தது.

மழை விட்டு எத்தனையோ நாளாகிவிட்டது. முற்றத்தில் காயப்போட்டிருந்த கிராம்பின் நெடி பலகைச் சுவரின் இடுக்குகள் வழியே அறைக்குள் வந்து நிறைந்திருந்தது. மற்றப் புத்தகங்களின் முதுகில் விரல் வைத்தால் தூசி ஒட்டியது. இந்த ஒன்றைத் தொட்டபோதோ ஒல்விக்கு விரல் நுனி சில்லிட்டது. நாக்கில் வைத்துப் பார்த்தாள். உப்பு.

நீர்மூழ்கியின் சன்னல்கள் ஆழத்தின் அழுத்தத்தைத் தாங்க எவ்வளவு தடிமன் வேண்டும் என்று சொல்லும் புத்தகம் அது. போன வருஷம் அவள் கணவன் யான்சே அதை மடியில் வைத்துக்கொண்டுதான் பித்துங் துறைமுகத்துக்கு அப்பால் கடலுக்குள் இறங்கினான். துறைமுகப் பட்டறையில் வெல்டர். கழித்துப்போட்ட எரிவாயுத் தொட்டி ஒன்றை வாங்கி, ஓர் ஆள் உட்காரும், திருகு மூடி வைத்த நீர்மூழ்கியாக்கியிருந்தான். அதுவும் திரும்பவில்லை, அவனும் திரும்பவில்லை. இந்தப் புத்தகம் மட்டும் எப்படி வந்தது?

அலமாரியின் கோடியில் அதைத் தள்ளி மறைத்தாள். வெம்பியிடம் சொல்லவில்லை.

வெம்பி யான்சேயின் தம்பி. அண்ணன் இறங்கிய அன்று மேலே படகில் காவல் இருந்தவன். அண்ணனைத் தேடி இறங்கப்போவதாகச் சொல்லி அவனும் ஒரு தொட்டி வாங்கிவிட்டான். அதைக் கட்ட எந்தெந்தப் புத்தகம் உதவும் என்று பொறுக்கத்தான் இந்தப் பிற்பகலில் வந்திருந்தான். ஒல்வி அழுதும் பார்த்தாள், திட்டியும் பார்த்தாள். இனி ஒரே வழி: நீர்மூழ்கியின் இரும்பு ஓடு ஆழத்தில் எப்படி நசுங்கும் என்று சொல்லும் தடித்த புத்தகத்தை அவன் படித்துப் பயப்பட வேண்டும். யான்சே அதன் பிளாஸ்டிக் உறையைக்கூடப் பிரிக்கவில்லை. தொட்டி சுத்த வட்டம் என்றே நம்பிக் கணக்குப் போட்டான். அதுவோ ஒரு விரற்கடை நீள்வட்டம்; ஓடு நசுங்க அந்தப் பிசகே போதும்.

"இது புத்தகமா, தலகாணியா அண்ணி? இதயும் ஏத்திக்கிட்டா எடைக்கு ஈயமே வேணாம்."

"சிரிக்காத. உங்கண்ணனும் இப்பிடித்தான் சிரிச்சாரு. மொதல்ல படி."

படித்தான். பக்கங்கள் புரளப் புரள அவன் முகத்தில் சிரிப்பு வற்றியது. காப்பி ஆறி ஆடை கட்டியது. ஒல்விக்கு மூச்சு இலேசானது. கோப்பையை எடுக்க மேசைப் பக்கம் குனிந்தாள்.

வெம்பி பொறுக்கி அடுக்கியிருந்த புத்தகங்களின் உச்சியில் சன்னல் புத்தகம் இருந்தது. அதிலிருந்து நீர் வழிந்து மேசையில் பரவிக்கொண்டிருந்தது.

"இத நீயா எடுத்த?"

"எத?" அவன் தலை தூக்கவில்லை.

அப்போதுதான் கேட்டது. அலமாரிக்குப் பின்னாலிருந்து, இரும்பில் இரும்பு படும் ஓசை. மூன்று தட்டு.

அது யான்சே வகுத்த முறை. கொஞ்ச ஆழத்துக்கு ஒரு தரம் நின்று, ஸ்பானரால் உள்ளிருந்து ஓட்டில் மூன்று தட்டுவான். படகில் இருப்பவன் துடுப்பை நீரில் இறக்கி, பிடியில் காது வைத்துக் கேட்பான். பதிலுக்கு அவன் துடுப்பில் மூன்று தட்டினால் யான்சே இன்னும் இறங்கலாம். பதில் வராவிட்டால் மேலே வந்துவிட வேண்டும். அன்று ஒவ்வொரு தடவையும் வெம்பி பதில் தட்டினான்.

இப்போதும் தட்டினான். கதைக்கு உம் கொட்டுகிறவனைப் போல, கண்ணைப் புத்தகத்திலிருந்து எடுக்காமலே, விரல் முட்டியால் மேசையில் மூன்று.

தெருவில் போன மோட்டார் சைக்கிளின் சத்தம் பாதியில் அறுந்தது. தூண்கள் மேல் நின்ற வீட்டுக்கு அடியில் மண்ணைக் கிளறிக்கொண்டிருந்த கோழிகள் அடங்கின. ஒல்விக்குக் காது அடைத்தது. சன்னல் வெளிச்சம் பச்சையாகிக்கொண்டே வந்தது.

மறுபடி மூன்று. இம்முறை தரைக்குக் கீழே.

வெம்பி பதில் தட்டினான்.

"தட்டாத வெம்பி."

"நான் எங்க தட்டுனேன்?"

இன்னும் ஆழத்திலிருந்து, மூன்று. அவன் கை எழுந்தது. ஒல்வி பாய்ந்து அவன் இரு கைகளையும் தன் கைகளுக்குள் இறுக்கினாள். பனிக்கட்டியில் போட்ட மீன்போல் இருந்தன. பிடிக்குள் விரல்கள் துடித்தன. விடவில்லை.

பதில் போகவில்லை.

நிசப்தம்.

பிறகு மூன்று. முன்னைவிடக் கிட்டத்தில்.

அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. பதில் வராவிட்டால் மேலே வந்துவிட வேண்டும்.

அடுத்த மூன்றும் அவள் பாதத்துக்கு நேர் கீழே. தரைப் பலகை ஒன்று கறுத்தது. பக்கத்துப் பலகையும். ஈரம் கூடி வட்டமானது.

வட்டமில்லை. ஒரு விரற்கடை நீள்வட்டம்.

"அண்ணி," என்றான் வெம்பி, மிக மெதுவாக. "அண்ணன் மூடியத் திருகறாரு."

ஈரத்தின் நடுவே பலகை மேல்நோக்கிப் புடைத்தது.