கைகளைக் காட்டுங்கள்

செம்மேட்டு வண்டிப்பேட்டையில் பொழுது விடிந்தால் பிக்கப் வண்டிகள் ஒவ்வொன்றாகப் பேசத் தொடங்கும். "கைகளைக் காட்டுங்கள்." ஓட்டுநர்களும் சுமை ஏற்றுகிறவர்களும் வண்டியைச் சுற்றித் தரையில் தீட்டியிருக்கும் மஞ்சள் வட்டத்துக்கு வெளியே போய் நின்று, உள்ளங்கைகளை விரித்துக் காட்டுவார்கள். வண்டி அவற்றைப் பார்த்து முடித்து, "கைகள் பாதுகாப்பாக உள்ளன. நன்றி" என்று சொல்லிவிட்டு எஞ்சினைக் கிளப்பும். அப்புறம்தான் ஓட்டுநர் ஏறலாம். பலாப்பழம் ஏற்ற வரும் பெண்கள் அதை வண்டிக்குக் கும்பிடு என்பார்கள்.

கையகல் சட்டம் வந்த புதிதில் மாதேஸ்வரியும் அதை வரவேற்றவள்தான். கீழ்நாட்டுத் தொழிற்சாலைகளில் ஓடும் இயந்திரங்கள் எத்தனையோ பேரின் விரல்களைத் தின்றிருந்தன. ஓடுகிற இயந்திரத்தின் உள்ளே மனிதக் கை போகக்கூடாது என்று சட்டம் சொன்னபோது யாருக்கும் மறுக்கத் தோன்றவில்லை. எல்லா வண்டியின் பானெட்டுக்கு அடியிலும் கையுணரி பொருத்தினார்கள். உயிருள்ள கையின் சூடு பட்டால் போதும், எஞ்சின் அணைந்துவிடும். வண்டியின் உரிமமும் அத்தோடு போய்விடும்.

பராமரிப்பு மட்டும் உரிமையாளர் தலையில் இருந்தது. வெள்ளிக்கிழமைதோறும் எஞ்சினை அணைத்து, ஆறவிட்டு, கியர் பெட்டியின் அளவுக்கம்பியை உருவி எண்ணெயைப் பார்க்க வேண்டும். இந்த வண்டிகளில் கியரை ஓட்டுநர் மாற்றுவதில்லை. தன்மாற்றி என்ற பெட்டி எண்ணெயின் அழுத்தத்தைக் கொண்டு தானே மாற்றிக்கொள்ளும். எண்ணெய் குறைந்தால் பிடிப்பு வழுக்கும். மலை இறக்கத்தில் பிடிப்பு வழுக்கினால் எஞ்சின் வண்டியை இழுத்துப் பிடிக்காது. பாரம் முழுவதும் பிரேக்கின் மேல் விழும். பிரேக் காய்ந்து தீய்ந்துபோகும்.

மாதேஸ்வரியின் கணவன் ராக்கியண்ணன் ஒரு வெள்ளிக்கிழமையும் தவறவிட்டதில்லை. கம்பியைத் துடைத்து, விட்டு, எடுத்து, வெளிச்சத்தில் பார்த்து, "நெறஞ்சிருக்குது" என்பான். ஆனால் கடைசி நாட்களில் ஒன்றைத் திரும்பத் திரும்பச் சொன்னான்.

"கியர் விழறதுக்கு யோசிக்குது புள்ள. முன்னெல்லாம் நெனச்சா விழும்."

சட்டத்தை நடத்தும் ஆணையத்தை அழைத்துக் கேட்டான். அளவு நிறைவாக இருக்கிறதா என்று கேட்டார்கள். இருக்கிறது என்றான். அப்படியானால் ஓட்டுங்கள் என்றார்கள். ஆடி மாதத்து ஈரத்தில், காரவள்ளிக்கு மேலே ஒரு கொண்டை ஊசி வளைவில், அந்த வண்டி திரும்பவே இல்லை.

இன்று ஆணையத்தின் விசாரணை அலுவலர் திவாகரன் அந்த விபத்தைப் பற்றிய முடிவோடு மலைமேல் ஏறி வந்திருந்தார். அவரும் வந்தது அதே வகைப் பிக்கப்பில்தான். பேட்டையின் ஓரத்து மஞ்சள் வட்டத்தில் வண்டியை நிறுத்திவிட்டு, மாதேஸ்வரியின் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்.

"கியர் பெட்டியில எண்ணெய் பாதிக்கும் கீழ இருந்திருக்கும்மா. உரிமையாளரின் கவனக்குறைவுன்னு பதிவாயிருக்கு."

"வாராவாரம் பாத்தாருங்க."

"சரியாப் பாத்திருந்தா தெரிஞ்சிருக்குமே."

மாதேஸ்வரிக்குக் காது மடல் சுட்டது. செத்தவனைத் திட்டினால் எதிர்த்துப் பேச மாட்டான் என்ற தைரியம் அந்தக் குரலில் இருந்தது. கொழுந்தன் துரையரசின் வண்டி பலாப்பழ பாரத்தோடு கிளம்பத் தயாராக நின்றது. அண்ணனும் தம்பியும் ஒன்றாக வாங்கிய வண்டிகள். அவள் அதைக் கை காட்டினாள்.

"இந்த வண்டில நீங்களே பாருங்க சார். சட்டப்படியே பாருங்க."

திவாகரன் அணைந்து ஆறிக்கிடந்த வண்டியின் கம்பியை உருவினார். மேல்கோடு வரை சிவப்பு எண்ணெய் மினுமினுத்தது. "நல்லாத்தானே இருக்கு?"

"எங்க மொளகுத் தோட்டத்துல தொட்டித் தண்ணிய மோட்டார் வெச்சு மேட்டுக்கு ஏத்தறமுங்க" என்றாள் மாதேஸ்வரி. "மோட்டார நிறுத்துனா கொழாயில இருந்த தண்ணியெல்லாம் தொட்டிக்கே திரும்பிரும். அப்ப எட்டிப் பாத்தா தொட்டி ததும்பும். ஓடறப்பப் பாத்தாத்தான் அடி தெரியும். அவரு போனதுக்கப்பறம் ஒரு நா தொட்டி மேட்டுல நின்னுட்டு இருந்தப்ப இது புரிஞ்சுதுங்க. இந்தப் பொட்டியும் அப்படித்தானே? நின்னுட்டு இருக்கற வண்டில பாக்கச் சொன்னா எவன் பாத்தாலும் நெறஞ்சுதான் இருக்கும்."

"ஓடுற வண்டில கை விட முடியாதும்மா. சட்டம்."

"கைய யாரு விடப்போறா?"

அவள் பேட்டைச் சுவரில் சாத்தியிருந்த தொரட்டியை எடுத்தாள். உயரத்துப் பழம் பறிக்கிற, நுனியில் கொக்கி கட்டிய மூங்கில் கழி. துரையரசு பானெட்டைத் திறந்தபடியே விட்டுவிட்டு வட்டத்துக்கு வெளியே வந்தான். எல்லோரும் கைகளைக் காட்டினார்கள். வண்டி நன்றி சொல்லி எஞ்சினைக் கிளப்பியது. அவன் ஏறி உட்கார்ந்து, பிரேக்கை மிதித்தபடி ஓட்டநிலைப் பிடியை முன்னே, பின்னே என்று ஒவ்வொரு நிலைக்கும் தள்ளி, மறுபடி நிறுத்த நிலைக்கே கொண்டுவந்தான். எஞ்சின் சூடேறும்வரை காத்திருந்தார்கள்.

மாதேஸ்வரி வட்டத்துக்கு வெளியே நின்று கழியை நீட்டினாள். அளவுக்கம்பியின் வளையத்தில் கொக்கி மாட்டாமல் நழுவியது. மறுபடி நழுவியது.

"காம்பப் பாத்து மாட்டுங்க அண்ணி! பழம் என்ர தலைல விழுந்துறப் போவுது!" என்று உள்ளேயிருந்து துரையரசு கத்தினான்.

"வாய மூடிட்டு பிரேக்க மிதி."

கொக்கி மாட்டியது. கம்பி நீளமாக உருவிக்கொண்டு வெளியே வந்தது. வேட்டித் துணியால் துடைத்து, கழி நுனியில் தொங்கவிட்டு, குழாயின் வாய்க்குள் மறுபடி இறக்குவதற்குள் அவள் புடவை வியர்வையில் ஒட்டிவிட்டது. இரண்டாம் முறை வெளியே வந்தபோது கம்பியின் நுனியில் மட்டும் ஒரு சொட்டு. சூடேறித் தீய்ந்த வாடை அடிக்கும் சொட்டு.

துரையரசின் சிரிப்பு நின்றுபோனது. எஞ்சினை அணைத்துவிட்டு இறங்கி வந்து கம்பியைப் பார்த்தான். பின்னால் ஏற்றியிருந்த பாரத்தைப் பார்த்தான். பாரத்தின் மேல் ஏறிப் போகவிருந்த பெண்களைப் பார்த்தான்.

"நானும் வாராவாரம் பாத்தனுங்க சார்" என்றான்.

திவாகரன் தணிந்த குரலில், "ஆணையத்துக்குத் தெரியும்மா" என்றார்.

"என்னது தெரியும்?"

"ஆறின வண்டில அளவு பொய் சொல்லும்னு. கீழ எங்க பணிக்கூடத்துல ஆள் இல்லாம இயந்திரங்களே, ஓடுற வண்டியிலதான் அளவு பாக்குது. ஆனா அது வருஷத்துக்கு ஒரு தடவை. சட்டம் வந்ததுலேருந்து ஒரு கைகூடப் போகலைன்னு எல்லா மேடையிலயும் சொல்லியாச்சு. இதுக்கு ஒரு விலக்குக் குடுத்தா..."

"கை போகலீங்க. சரிதான்." அவள் குரல் பேட்டை முழுக்கக் கேட்டது. "கையும் காலும் முழுசா வெச்சுத்தான் என்ர வீட்டுக்காரர எனக்குக் குடுத்தீங்க. ஒரு விரல் கொறையல. ஒரு நகம் கொறையல. உங்க கணக்குல அவரு பத்தரமாத்தான் இருக்காரு, இல்லீங்களா?"

சுமை ஏற்ற வந்தவர்கள் வேலையை விட்டுவிட்டுச் சுற்றி நின்றார்கள். துரையரசு புனலும் குழாயும் கொண்டுவந்து, அணைந்திருந்த வண்டியில் அளவுக்கம்பிக் குழாய் வழியே சிவப்பு எண்ணெயைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றினான். மறுபடி கிளப்பி, தொரட்டியால் பார்த்து, மறுபடி அணைத்து ஊற்றினான். கம்பியில் எண்ணெய் மேல்கோட்டைத் தொட்டதும் பெண்கள் ஏறினார்கள். வண்டி இறங்கிப் போனது.

திவாகரன் தன் வண்டியைப் பார்த்துக்கொண்டு நின்றார். ஏறி வரும்போது கியர் யோசித்ததா என்று நினைத்துப் பார்க்கிற முகம் அது. எழுபது வளைவுகள் அவருக்காகக் காத்திருந்தன.

"அம்மா, அந்தத் தொரட்டி..."

மாதேஸ்வரிக்குக் கையிலிருந்த கழியை முறித்துப் போட வேண்டும் போலிருந்தது. இந்த மனிதனுக்கும் எங்கேயோ ஒருத்தி சோறாக்கி வைத்துக்கொண்டு வாசலைப் பார்த்துக்கொண்டிருப்பாள். அந்த நினைப்பு மட்டும் வராமல் இருந்திருந்தால் முறித்தே இருப்பாள். கழியை அவர் கையில் கொடுத்தாள்.

"நீங்களே பாருங்க."

எஞ்சின் ஓடிக்கொண்டிருக்க, அவருக்குக் கொக்கி மாட்ட வெகுநேரம் ஆனது. யாரும் உதவவில்லை, யாரும் சிரிக்கவுமில்லை. கம்பி வெளியே வந்தது. நுனிகூட நனையவில்லை. அவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இது யாரு கவனக்குறைவுங்க, சார்?"

அவளே எண்ணெய் டப்பாவைக் கொண்டுவந்து வைத்தாள். எஞ்சினை அணைத்துவிட்டு அவரே ஊற்றினார். புனல் சரிந்து பாதி அவர் உள்ளங்கையில் வழிந்தது. அளவு சரியானதும் வண்டியை அணைத்து, பானெட்டை மூடிவிட்டு, "பதிவு மேல போயிடுச்சும்மா. அதை மாத்துற அதிகாரம் எனக்கு இல்ல" என்றார்.

அவள் தொரட்டியைத் திருப்பி வாங்கிக்கொண்டாள். அவர் வட்டத்துக்கு வெளியே போய் நின்றார்.

"கைகளைக் காட்டுங்கள்" என்றது வண்டி.

அவர் காட்டினார். மணிக்கட்டு வரை சிவப்பு வழிந்து சொட்டிக்கொண்டிருந்தது.

"கைகள் பாதுகாப்பாக உள்ளன. நன்றி."

வண்டி இறங்கியது. மாதேஸ்வரி தொரட்டியைப் பிடித்தபடி சத்தத்தைக் கேட்டுக்கொண்டு நின்றாள். முதல் வளைவில் கியர் யோசிக்காமல் விழுந்தது. அடுத்த வளைவிலும் விழுந்தது. அவர் பத்திரமாக வீடு போய்ச் சேர்ந்துவிடுவார். கீழே ஆணையத்தில் ராக்கியண்ணனின் பெயருக்கு நேராகக் கவனக்குறைவு என்ற சொல் அப்படியே இருக்கும்.